குண்டுக்கு வைத்த பொட்டு

பாப்பா, ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, நான் வெச்ச பொட்டு அது மேலயே இருக்கா?" நான் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "அன்னிக்கே துடைச்சாச்சும்மா" என்றேன். அது பொய். தம்பி, நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். நான் பொய் சொன்னால் சோற்றைத் தேவைக்கு மேல் பிசைவேன் என்று உங்கள் அம்மா கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் என் கையைப் பார்த்தாள், ரசத்தை ஊற்றினாள்.

அந்தப் பொட்டு அழியாமல் அப்படியேதான் இருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் வேலை செய்தேன்.

நான் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் தகட்டு வேலை படித்தவன். லீவு லெட்டரைத் தவிர எதையும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியதில்லை. ஆனால் வாயால் சொல்லப் போனால் நடுவில் நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள், நான் வேறு பக்கம் போய்விடுவேன். அதனால், பாப்பா, உன் பழைய அறிவியல் நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களில் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி ஆயுத பூஜையில் நீங்கள் பார்ப்பது பொரியும் ஸ்வீட் பாக்ஸும்தான். உள்ளே ஒரு மாதம் முன்பே போட்டி தொடங்கிவிடும். ஒவ்வொரு பிரிவும் ஒரு மாடல் செய்து வைக்க வேண்டும். கழிவுத் தகடு, தெர்மாகோல், தேய்ந்த பேரிங், எது கிடைத்தாலும் சரி. முதல் பரிசு ஒரு எவர்சில்வர் குடம். குடம் பெரிதில்லை. ஜெயித்த மாடல் அடுத்த பூஜை வரைக்கும் கேன்டீன் வாசலில் நிற்கும். சாப்பிடப் போகிற அத்தனை பேரும் வருஷம் பூராவும் நம் கைவேலையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அதுதான் பரிசு. அசெம்பிளிக்காரர்கள் ஒரு வருஷம் பீரங்கி செய்து வாங்கினார்கள். அடுத்த வருஷம் டூல் ரூம்காரர்கள் போர்க்கப்பல். எங்கள் தகட்டுப் பிரிவுக்கு அதுவரை ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

நான் சொல்லும் அந்த வருஷம் எல்லையில் சண்டை வரும் போல இருந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டிவியில் எந்த நேரமும் அதே பேச்சு. கேன்டீனிலும் அதே பேச்சுதான். ஒரு நாள் பக்கத்து மேஜையில் ஒருவர் சாம்பார் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எதுக்கு இவ்ளோ இழுக்கறாங்க? ஒன்னே ஒன்னு. தூக்கிப் போட்டா கதை முடிஞ்சுது" என்றார்.

வெல்டிங்கில் இருக்கும் கன்னடக்காரர் சிரித்தார். "போடறது ஈஸிப்பா. அவன் திருப்பிப் போட்டா? டெல்லிக்கு ஒன்னு, பம்பாய்க்கு ஒன்னு. மூணாவது எங்கன்னு நினைக்கற? பெங்களூருதான்."

"பெங்களூர்ல விழுந்தா நமக்கென்னப்பா?"

"நமக்கென்னவா? மடிவாளா, சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, சந்தாபுரா, அத்திப்பள்ளி. அடுத்த ஸ்டாப் நம்ம ஓசூர் ஜூஜுவாடி."

"அட, சில்க் போர்டு டிராபிக்ல மாட்டிக்கும், விடு. நம்மகிட்ட வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆவும்."

மேஜையே அதிரச் சிரித்தோம். ஜூஜுவாடியில் குடியிருக்கிற நானும் சேர்ந்துதான் சிரித்தேன். எங்கள் பிரிவு மாடலாக அணுகுண்டு செய்யலாம் என்ற பேச்சு அந்தச் சிரிப்பிலிருந்துதான் வந்தது. "பீரங்கியும் கப்பலும் என்னய்யா பெரிய ஆயுதம்? இதுக்கு மேல ஒன்னு உண்டா?" என்று கேட்டவர் உங்கள் சிவகங்கை மாமா. அவர் பெயின்ட் பூத்தில் இருந்தாலும் எங்கள் பிரிவுக் கணக்கில்தான் வருவார்.

போனில் 'அணுகுண்டு' என்று தேடினேன். முதலில் வந்த படத்தையே எடுத்துக்கொண்டேன். மஞ்சள் நிறம், பெருத்த வயிறு, பின்னால் சதுரப் பெட்டி மாதிரி ஒரு வால். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் நாலு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை. என் கண் முழுக்க அந்த வயிற்றின் மேல் இருந்தது. முட்டை வடிவத்தைத் தகட்டில் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. பூசணிக்காய்ப் பத்தை போலப் பன்னிரண்டு பட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றையும் வளைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து ரிவெட் அடித்தேன். இரண்டு வாரம் சாப்பாட்டு நேரத்தில் பாதி அதற்கே போனது. சிவகங்கை மாமா மூன்று கோட் மஞ்சள் அடித்தார். வெளிச்சத்தில் பார்த்தால் முகம் தெரிந்தது.

அந்த இரண்டு வாரத்தில் வால் நேராக இருக்கிறதா என்று எத்தனையோ தடவை யோசித்தேன். அது என்ன என்று ஒரு தடவையும் யோசிக்கவில்லை.

பூஜை அன்று நீங்கள் இரண்டு பேரும் அம்மாவோடு வந்தீர்கள். பாப்பா, நீ பச்சைப் பட்டுப் பாவாடை. தம்பி, நீ பொரி மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாய். மெஷின்களையெல்லாம் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருந்தோம். தகட்டை வளைக்கும் புது பெண்டிங் மெஷினை நிறுவ ஜப்பானிலிருந்து வந்திருந்த சாரும் அன்றைக்கு இருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்களோடு இரண்டு மாதம் வேலை செய்ததில் அவர் கற்ற தமிழ் இரண்டு வார்த்தை: "சரி சரி", "காரம் வேண்டாம்". எதை வைத்தாலும் மேலே தயிர் ஊற்றித்தான் சாப்பிடுவார். அவர் கூடவே பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண், ஜப்பான் பாஷை படித்தவர், நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லுவார். நாங்கள் மேடம் என்போம், அவர் எங்களை அண்ணா என்பார்.

குண்டின் முன்பக்கத்தில் நானே மூன்று இடத்தில் சந்தனம் வைத்திருந்தேன். குங்குமம் வைப்பதுதான் பாக்கி. சிவகங்கை மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு, பாப்பா, உன்னைக் கூப்பிட்டார். "வா ஆத்தா. மொதப் பொட்டு எங்க மகாலெட்சுமி கையால."

நீ நுனிக்காலில் நின்று வைத்தாய். வட்டம் பிசகாமல், அழகாக. எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டாவது சந்தனத்தில் மாமா வைத்தார். கண்ணை மூடி, உதடு அசைய எதையோ சொல்லிவிட்டு வைத்தார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் தட்டை ஜப்பான் சாரிடம் நீட்டினார். "மூணாவது சாருக்கு. விருந்தாளி வைக்கட்டும்."

சார் அப்போதுதான் கிட்டத்தில் வந்து பார்த்தார். வயிற்றைப் பார்த்தார், வாலைப் பார்த்தார். மேடத்திடம் மெதுவாக ஏதோ கேட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, ஏனு ஹேளலி" என்று கன்னடத்தில் தனக்குத்தானே முனகினார். என்ன சொல்வேன் என்று. அவர் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சார் தட்டைத் தொடாமல், நம்மைப் போலவே இரண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பின்னால் நகர்ந்து கூட்டத்தோடு நின்றுகொண்டார்.

"கூச்சப்படறாரு" என்றார் யாரோ. மாமா சூடத்தைக் கொளுத்தினார். பூசணிக்காய் உடைந்தது. நீ என் சட்டையை இழுத்து, "ஏம்ப்பா அவர் வைக்கல?" என்று கேட்டாய். "அவங்க சாமி வேற" என்றேன்.

முதல் பரிசு எங்களுக்குத்தான்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் நீ அம்மாவின் போனை வாங்கி, என் போனில் இருந்த அதே படத்தைத் தேடி எடுத்தாய். அந்த நாலு வரியைப் படித்தாய். "அப்பா, இது சும்மா அணுகுண்டு படம் இல்ல. நெஜமா போட்டாங்களே, அதேதான். ரெண்டாவதா போட்டது. நாகசாகியில" என்றாய். கொஞ்ச நேரம் படித்துவிட்டு மறுபடியும் வந்தாய். "மொத குண்டு போட்டு மூணே நாள்ல இதைப் போட்டிருக்காங்கப்பா. அதுவும் மொதல்ல வேற ஊர்ல போடத்தான் கொண்டு போனாங்களாம். அங்க மேகமா இருந்துச்சாம். அதனால இங்க."

தம்பி, நீ அப்போது கேட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "மேகம் இருந்த ஊர்க்காரங்களுக்கு அது தெரியுமா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நம் வண்டிக்குப் பொட்டு வைக்க உன்னைக் கூப்பிட்டால் நீ வரவில்லை, பாப்பா. தலை வலிக்கிறது என்றாய். உன் நெற்றியிலும் ஒன்றும் இல்லை. ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது என்றாய். கண்ணாடி ஓரத்தில் அட்டை நிறைய ஸ்டிக்கர் இருந்தது. அதற்கு மறுநாள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். நான் பொய் சொன்னேன்.

நான் பொய் சொன்ன அன்று குண்டு கேன்டீன் வாசலில்கூட இல்லை. பூஜைக்கு இரண்டு நாள் கழித்தே ஆபீஸிலிருந்து ஆள் வந்து, அதை அங்கிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து எங்கள் பிரிவு ஸ்டோரில், மேல் ராக்கில் ஏற்றினோம். என் வேலை மேஜைக்கு நேர் எதிரே. கம்பி வலைக்குப் பின்னால் மஞ்சளாகத் தெரியும். உன் பொட்டு, மாமாவின் பொட்டு, மூன்றாவதாக வெறும் சந்தனம். காய்ந்து வெடித்திருந்தது.

ஜப்பான் சார் எப்போதும் போலத்தான் இருந்தார். போல்ட்டை முறுக்கினார், அளவு பார்த்தார், "சரி சரி" என்றார். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்போம். ஒரு நாள் மதியம் அவரும் மேடமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜைக்கு நானும் சிவகங்கை மாமாவும் தட்டோடு போய் உட்கார்ந்தோம். ஆறு பேர் உட்காரும் மேஜை. நாங்கள் நாலு பேர்.

"மேடம், எங்களுக்குத் தெரியாது. படத்தைப் பாத்து செஞ்சுட்டேன். அவங்க ஊருன்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். மன்னிச்சுக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னதை மேடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். "சாருக்குக் கோபம் இல்லண்ணா. அவங்க ஊரு நாகசாகி இல்ல. வேற ஊரு. நம்ம ஓசூர் மாதிரியே ஃபேக்டரி ஊராம். அந்த குண்டு..." மேடம் நிறுத்தி, அவரிடம் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார். "அந்த குண்டு அவங்க ஊருக்குத்தான் வந்துச்சாம். அன்னிக்கு மேகம். மேல இருந்தவங்களுக்குக் கீழ ஒன்னும் தெரியல. சுத்திச் சுத்திப் பாத்துட்டு நாகசாகிக்குப் போயிட்டாங்க. சாரோட தாத்தா அந்த நேரத்துல அங்க ஃபேக்டரியில லேத் ஓட்டிட்டு இருந்தாராம். துப்பாக்கி, பீரங்கி செய்யற ஃபேக்டரி. அதுக்காகத்தான் அந்த ஊரு."

தம்பி, உன் கேள்விக்குப் பதில் என் முன்னாலேயே தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருந்தது. அவர்களுக்குத் தெரியும்.

சிவகங்கை மாமா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். "மேடம், நான் ஒன்னு சொல்லணும். அப்படியே சொல்லுங்க, மாத்தாதீங்க" என்றார். "எங்க தாத்தாவும் அவரு அண்ணனும் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் பொழைக்கப் போனவங்க. சண்டையில ஜப்பான்காரன் உள்ள வந்து, பால் வெட்டிக்கிட்டு இருந்தவங்களைப் பிடிச்சு, சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டு போயிட்டான். காடு. தாத்தாவோட அண்ணன் அங்கயே காலராவுல போயிட்டாரு. பொதைக்கக்கூட விடலையாம். ரோடு போட்டு முடிச்சும் தாத்தாவை விடல. குண்டு விழுந்து, சண்டை முடிஞ்சாத்தான் விட்டான். அது விழலன்னா எங்க தாத்தா இல்ல. எங்கப்பா இல்ல. நானும் இங்க உக்காந்து பேச முடியாது."

மேடம் தயங்கினார்.

"சொல்லும்மா. சாரைக் கொற சொல்றதுக்கு இல்ல. தெரியட்டும்."

மேடம் சொல்லி முடிக்கும்வரை சார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் மாமாவைப் பார்த்து, தட்டில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்தார். மாமா இதை எதிர்பார்க்கவில்லை. "அட, இதென்ன சார், எந்திரிங்க" என்று பதறி, எழுந்து, தயிர்க் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு மாமா கேட்டார். "அப்ப நான் பொழைச்சவன் வீட்டு ஆளு. சாரும் ஒரு வகையில பொழைச்சவங்க வீட்டு ஆளு. போட்டது சரிதானேன்னு கேளுங்க."

சார் சின்னச் சின்னதாகச் சொன்னார், மேடமும் அப்படியே சொன்னார்.

"நாகசாகியில அன்னிக்கு ஒருத்தர் இருந்திருப்பாரு. சாரோட தாத்தா வயசுதான். அவரும் காலையில வேலைக்குப் போயிருப்பாரு... அவருக்கும் ஒரு பேரன் பொறந்திருக்கணும். அவனும் மெஷின் வேலை கத்திருக்கலாம்... இந்த மெஷினைப் போட அவன் வந்திருக்கலாம். இங்க உக்காந்து, உங்க கேள்விக்கு அவன்தான் பதில் சொல்லணும்... நான் சொன்னா அது சரியா இருக்காதுன்னு சார் சொல்றாங்க. அன்னிக்கு குங்குமம் வைக்காததும் அதனாலதான். வெச்சா நன்றி சொன்ன மாதிரி. வைக்காம திட்டவும் முடியல. அதனால கும்பிட்டாங்களாம்."

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து தட்டைக் கழுவப் போனோம்.

பிள்ளைகளே, அன்றிலிருந்து சார் சொன்ன அந்த வராத ஆள் என்னை விடவில்லை. பேய் பிசாசு என்று நினைக்காதீர்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் புது மெஷின் பக்கத்தில் குனிந்து அளவு பார்க்கும்போது, என் தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று அதே அளவைப் பார்ப்பது போல இருக்கும். எங்களைப் போலவே சாம்பல் நிறச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், அதில் எழுத்து இருக்காது. கேன்டீனில் எந்த மேஜையிலும் ஒரு இடம் காலியாக இருந்தால் அங்கே தட்டை வைக்கக் கை வராது. நின்றுகொண்டே சாப்பிட்ட நாட்களும் உண்டு. "மூலமா மாப்ள?" என்று மாமா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

மேகமும் என்னை விடவில்லை. நம் ஊரில் காலையில் பாதி நாள் மூட்டம்தானே. வண்டியில் போகும்போது வானத்தைப் பார்ப்பேன். மூடியிருந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி வரும். ஜூஜுவாடி தெரியாது, நம் வீடு தெரியாது, நீங்கள் பள்ளிக்கூடம் போகிற ரோடு தெரியாது. சிக்னலில் நிற்கும்போதுதான் உறைக்கும். நம் தலைக்கு மேல் மூடியிருந்தால் வேறு யாரோ ஒருவர் தலைக்கு மேல் வெயில். அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாக இருக்கும். அடுத்த நாளும் வானத்தைப் பார்ப்பேன்.

போட்டது சரியா தப்பா என்று நீங்கள் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பேசுவீர்கள். போடாவிட்டால் சண்டை நீண்டிருக்கும், இன்னும் நிறையப் பேர் செத்திருப்பார்கள் என்பார்கள். அதில் உண்மை இருக்கலாம், மாமாவின் தாத்தா அதற்குச் சாட்சி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் கடைக்குப் போன பொம்பளையும் என்ன செய்தார்கள், ஒன்று போட்டபிறகு மூன்றே நாளில் இன்னொன்று எதற்கு என்பார்கள். அதுவும் உண்மை. தப்பு என்றுதான் என் மனசு சொல்கிறது. தோட்டத்தில் பால் வெட்டியவர்களைக் காட்டுக்கு இழுத்துப் போனவன் மேல் வர வேண்டிய கோபம், அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தவள் தலையில் இறங்கக் கூடாது. ஆனால் அந்தச் சொல்லை மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், நீ பிறந்தது தப்பு என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

சார் ஊருக்குக் கிளம்பிப் போன மறு வாரம், சூப்பர்வைசர் ஸ்டோரைச் சுத்தம் செய்யச் சொன்னார். "அந்த மஞ்சள் ஐட்டத்தை ஸ்கிராப்ல போட்டுடுங்க" என்றார்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பொட்டு வைத்த எதையும் அப்படியே ஸ்கிராப்பில் போட மாட்டோம். பழைய மெஷினை விற்றால்கூட, ஈரத்துணியால் பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் லாரியில் ஏற்றுவோம். பொட்டோடு அனுப்பினால் உயிரோடு அனுப்பின மாதிரி. யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாது, எல்லாரும் செய்வோம். நான் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ராக்கிலிருந்து குண்டை இறக்கினேன்.

சிவகங்கை மாமா வந்து குறுக்கே நின்றார். "என்ன மாப்ள பண்ற?"

"துடைக்கிறேன். ஸ்கிராப்ல போடச் சொல்லிட்டாங்க."

"போடக் கூடாது."

"மாமா, என்னத்துக்கு இதை வெச்சுக்கிட்டு? பாத்தாலே ஒரு மாதிரி இருக்குது."

"உனக்கு ஒரு மாதிரி இருக்கும். எனக்கு இது யாரு தெரியுமா? எங்க தாத்தாவை அவுத்து விட்ட சாமி. அன்னிக்குப் பொட்டு வைக்கறப்போ அவரு பேரைச் சொல்லித்தான் வெச்சேன்."

"சாமியா? எத்தனை புள்ளைங்க வெந்து போச்சு மாமா."

"ரயில் ரோட்டுல செத்ததும் யாரோ பெத்த புள்ளைகதான்யா. அதுக எதையாச்சும் நீ தகட்டுல செஞ்சு வெச்சிருக்கியா? ஒரு படமாச்சும் உன் போன்ல இருக்கா?"

இருபது வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பக்கத்து மெஷின்காரர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். "மாமா, சண்டைக்கு இல்ல. எம்பொண்ணு கேட்டா, பொட்டு இன்னும் அது மேலயே இருக்கான்னு. துடைச்சாச்சுன்னு பொய் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை அவ நெத்தியில பொட்டு இல்ல. நான்தான் அவளைக் கூட்டிட்டு வந்தேன், நான்தான் அதைச் செஞ்சேன். அவளுக்கு இதுல என்ன இருக்குது?"

மாமா கையிலிருந்த பெயின்ட் கறையைச் சுரண்டிக்கொண்டே நின்றார். உன்னை ஆத்தா என்று கூப்பிட்டு, அந்தத் தட்டை உன் கையில் கொடுத்தவர் அவர்தான். அது அவருக்கும் அப்போது நினைவு வந்திருக்க வேண்டும்.

"ஆத்தா வெச்சதை நீ எடுத்துக்க" என்றார் கடைசியில். "என்னோடதத் தொடாத. தொட்டா ஒனக்கும் எனக்கும் பேச்சில்ல."

குண்டைத் தூக்கிப் பழையபடி ராக்கில் அவரே வைத்தார். ஸ்கிராப் வண்டி அது இல்லாமலே போனது. சூப்பர்வைசர் கேட்டதற்கு, பொட்டு இருக்கிறது சார் என்றோம். அவருக்கும் அந்தப் பழக்கம் தெரியும், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

எல்லாரும் பார்க்கும்போது உன் பொட்டைத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷின் சர்வீஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பினேனே, அது பாதிதான் உண்மை. சர்வீஸ் பத்து மணிக்கு. நான் எட்டு மணிக்கே போய்விட்டேன். வெளியே மூட்டம், உள்ளே ஒரு மெஷினும் ஓடவில்லை. அந்த இடம் அவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்டோர் சாவியை வாங்கித் திறந்து, ஸ்டூலைப் போட்டு ஏறினேன். குண்டை இறக்கவில்லை. அங்கேயே வைத்துத் துணியை நனைத்துப் பிழிந்தேன்.

உன் பொட்டு கெட்டியாகப் பிடித்திருந்தது. எண்ணெய்க் குங்குமம், பெயின்டில் ஊறிவிட்டது. தின்னர் போட்டால் ஒரே இழுப்பில் போய்விடும், ஆனால் மாமா அடித்த மஞ்சளும் கூடவே வந்துவிடும். அதனால் தண்ணீரிலேயே, நீ காய்ச்சலாகப் படுத்திருந்தபோது உன் நெற்றியைத் துடைப்பேனே, அந்த மாதிரி அழுத்தாமல், நாலைந்து தடவை நனைத்து நனைத்துத் துடைத்தேன். சுற்றியிருந்த சந்தனம் முதலில் போனது. பிறகு குங்குமம். கிட்டப் போய்ப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு வெளிர் வட்டம் மிஞ்சியது. அதற்கு மேல் போகவில்லை.

பக்கத்தில் மாமாவின் பொட்டு. அதன் மேல் தண்ணீர் வழிந்துவிடாமல் இடது கையை அணை கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது இடத்தில், யாரும் குங்குமம் வைக்காத அந்தச் சந்தனத்தையும் தொடவில்லை. அது என்னுடையது இல்லை. வர வேண்டிய ஆளுக்கு வைத்திருந்த இடம் போல எனக்குப் பட்டது.

ஸ்டூலிலிருந்து இறங்கி, துணியைக் குழாயில் அலசிப் பிழிந்து, ஜன்னல் கம்பியில் காயப் போட்டேன். பிறகு ஸ்டோரைப் பூட்டினேன்.